கழுவி வைத்த பீலி

கண்டி மார்க்கெட்டில் மீன்கடைகளைக் கழுவி முடித்த பிறகு தரையெல்லாம் ஒரு வெள்ளைத் தூளைத் தூவிவிடுவார்கள். ப்ளீச்சிங் பவுடர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. மீன் வாங்கப் போனவள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்துவிடுகிறேன். ஊருக்கு அது சுத்தத்தின் வாசனை. எனக்கு அது ஒரு வியாழக்கிழமை காலையில் அக்காவின் பீலியில் அடித்த வாசனை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பீலி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து கசியும் ஊற்றுக்கு ஒரு குழாயைச் செருகி, கீழே நாலு கல்லைப் பரப்பினால் அதுதான் பீலி. குடிப்பதும் அதில், குளிப்பதும் அதில், சண்டை பிடிப்பதும் ராசியாவதும் அதன் கரையில். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுதான் லயம். அக்காவின் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். பன்னிரண்டுக்கும் அந்த ஒரு பீலிதான். பைப் தண்ணீர் தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லும்போது அவர்களுக்குத் தாகம் எடுக்கும். பீலியில் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

கடுகண்ணாவைக் கணவாய்க்கு இந்தப் பக்கம், கண்டி ரோட்டுக்குக் கீழே, பாதி காடாகிப் பாதி தேயிலையாக மிஞ்சிய ஒரு சின்னத் தோட்டம் அது. கணவாய்க்கு அந்தப் பக்கம் விழும் மழை மேற்குக் கடலுக்குப் போகும். இந்தப் பக்கம் விழுவது ஓடையாகி, ஓயா என்கிற சிற்றாறாகி, பேராதனைக்குக் கிட்ட மகாவலியில் விழுந்து, அணை அணையாகத் தேங்கித் தேங்கி, கடைசியில் கொட்டியாரக் குடாவில் உப்போடு கலக்கும். ஒரு மழைத்துளிக்குக் கணவாயின் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதே விதி. அக்காவின் லயத்துக்கு விதி வேறு மாதிரி. அவர்களுக்கு நேர் மேலே ரோட்டோரத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது.

முன்பு அது ஒரு சாப்பாட்டுக் கடை. பிறகு கண்ணாடிச் சுவர் வந்தது, பூச்செடி வந்தது, கண்டிக்குப் போகும் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு பஸ் நின்றால் முதல் வேலை எல்லோரும் கழிவறைக்கு ஓடுவதுதான். அத்தனை பஸ், அத்தனை பேர். அதற்கு ஒரே ஒரு பழைய குழி, அதுவும் சரிவின் விளிம்பில். அது நிரம்பினால் எங்கே போகும்? மேலே போகாது அல்லவா.

அக்காவின் மகள் பல்லேகல கார்மண்டில், தையல் ஆலையில், வேலை செய்கிறாள். விடிய முன் பஸ் ஏறி இருட்ட வீடு வருகிறவள். ஒரு நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகி, தலையைச் சுற்றி, மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். செங்கமாரி. அவளுக்கு முன்னால் லயத்தில் இரண்டு பேருக்கு வந்து போயிருந்தது. அவளுக்குப் பின்னால் நாலாவது காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வியே "எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்பதுதான். அக்கா பீலி என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதியது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் தண்ணீர் பற்றி எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கவிதைக்கு யாரும் சோறு போடுவதில்லை. அதனால் கண்டி டவுனில் ஒரு அறையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மகாவலியின் தலையிலிருந்து கொட்டியாரக் கழிமுகம் வரைக்கும் தண்ணீரைக் காப்பாற்றப் போகிற ஒரு பெரிய திட்டம் வந்தது. துண்டுப்பிரசுரம், அறிவித்தல், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் தமிழாக்க ஆள் தேடினார்கள். போனேன். "நீரேந்துப் பகுதி", "பங்குதாரர்", "நிலைபேறான" என்று சோற்றில் கல் போலக் கிடக்கும் சொற்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். "உணவுக்கு முன் கைகளைக் கழுவுங்கள்" என்று ஒரு துண்டுப்பிரசுரம். எதில் கழுவுவது என்று அதில் ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை.

முதல் கூட்டம் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. தண்ணீரைக் காப்பாற்றும் கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். சுவரில் ஒரு வரைபடம். ஆறு ஒரு நீலக் கோடு. மூதூர்ப் பக்கமிருந்து ஒரு மீனவரையும் அழைத்து வந்திருந்தார்கள். நரைத்த தாடி, வெளுத்த சேர்ட், மடியில் தொப்பி. அவர் எழுந்துபோய் அந்தக் கோட்டின் அடி நுனியில் விரலை வைத்தார்.

"இந்தா, இது வந்து முடியிற இடத்துலதான் என்ட வல கிடக்கு. மேல நீங்க என்னத்தக் கழுவினாலும் கீழ நாங்க அதத்தான் திங்கிறம். கொஞ்சம் அணையில தங்கும். மிச்சமெல்லாம் எங்களுக்குச் சீதனம்."

மண்டபம் சிரித்தது. நான் மொழிபெயர்த்தபோது இரண்டாம் தரமும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விரல் வைத்திருந்த இடத்திலிருந்து என் கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறி, கடுகண்ணாவைக்குக் கிட்ட வந்து நின்றது. அங்கே அக்கா நிற்கிறாள், கையில் வாளியோடு.

தேநீர் வேளையில் மாதிரி எடுக்கும் அதிகாரியைப் பிடித்தேன். எங்கெங்கே தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என்று முடிவு செய்கிறவர் அவர். நல்ல மனிதர், பண்பான சிங்களத்தில் பேசுவார், யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. சில நேரம் அதுதான் பிரச்சினை. அக்காவின் பீலியைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். மேலே ஹோட்டல் இன்னும் இருபது அறை கட்ட அனுமதி கேட்டிருப்பதும், அந்த விண்ணப்பம் இந்தத் திட்டத்தின் அபிப்பிராயத்துக்கு வந்திருப்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "தண்ணீர் கெட்டிருந்தால் எழுதிவிடலாம் மிஸ்," என்றார். "புதிய கழிவுத் தாங்கி கட்டாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது." அவ்வளவுதான் வேண்டும். ஒரு போத்தல் தண்ணீர், ஒரு தாள்.

நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

"அக்கா, வியாழக்கிழம தண்ணி எடுக்க ஐயாமாரு வர்றாங்க. நானும் வர்றேன். ஒம்பது மணிக்கெல்லாம் அங்க இருப்போம்."

"பெரிய ஐயாவா?"

"பெரிய ஐயாதான்."

"அப்படியா? சரி சரி, நாங்க பாத்துக்கிறோம்."

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போனது எப்படி? துரை வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், வாசல் சாக்கடைக் கானில் கிடக்கும் பிள்ளையின் பீயை மண்வெட்டியால் அள்ளுவதும், கிழிந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்து ஒளிப்பதும் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வருகிற பெரிய ஆளுக்கு எங்கள் வாழ்க்கையைக் காட்டக் கூடாது. காட்டினால் எங்களுக்குத்தான் கேவலம். அப்படித்தான் வளர்ந்தோம்.

வியாழக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது பீலியே ஒரு கோயில் மாதிரி இருந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டை வைத்துப் பாசியை எல்லாம் உரித்திருந்தார்கள். கற்களுக்குச் சுண்ணாம்பு. குழாயின் வாயில் ஒரு செவ்வரத்தம்பூ. பிள்ளைகள் கிட்டே வராதபடி இரண்டு பெண்கள் காவல். மூன்று கதிரை, இஞ்சி போட்ட பிளேன்டீ, தட்டில் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசனை. கண் எரிந்தது.

அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல் ஒரு சிரிப்பு.

அதிகாரி "ஹரி ஷோக்" என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம். எல்லாத் தோட்டமும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். பெண்கள் முகம் மலர்ந்தது. ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டியிலிருந்து போத்தலை எடுத்தார், கையுறை போட்டார், பிடித்தார், மூடினார், பெயர் எழுதி ஒட்டினார். பெட்டி மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஐயா, இதில் மருந்து கொட்டியிருக்கிறார்கள், இது பீலியின் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் நான் அப்படி ஒரு பெருமையைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. வாக்கியத்தை விழுங்கினேன். பிளேன்டீயையும் விழுங்கினேன்.

தாள் வந்தது. கிருமி இல்லை. பருக உகந்தது. ஹோட்டல் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தயாராவதாகவும் சொன்னார்கள். அன்றைக்கே பஸ் பிடித்து அக்காவிடம் போனேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். யார் மேல் கோபம் என்று எனக்கே பிடிபடவில்லை.

அக்கா குசினியில் மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மகள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"என்னாத்தக்கா கொட்டுன?"

"என்னாத்த?"

"பீலில."

"ஓ, அதுவா. மண்சரிவு நேரம் சுகாதாரப் பீஎச்சை ஐயா குடுத்த பவுடரு. அலுமாரிக்கு மேல ரெண்டு பொட்டலம் கெடந்துச்சு. மேல ஏறி ஊத்துக்கண்ணுலயே கொட்டுனேன். ஏன், வாசன தூக்கலா இருந்துச்சா?"

"சோதிக்க வர்ற தண்ணில மருந்து கொட்டுவாங்களா? கிருமி எல்லாம் செத்துப்போச்சு. தண்ணி சுத்தம்னு எழுதிட்டாங்க. மேல இருபது ரூம்பு கட்டப் போறான்!"

அக்கா அகப்பையோடு என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்கிட்ட காட்டப் போறவ குளிச்சிட்டுத்தான்டி போவா?"

"நோயையும் கழுவிட்டா போவா?"

"சத்தம் போடாத. புள்ள தூங்குது." பிறகு அவளே சத்தம் போட்டாள். "நீ டவுன்ல இருக்க, உனக்கென்னா? லயத்து ஆளுன்னா ஊத்தைன்னு சொல்றதுக்கு ஊரே வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. அந்த வாய்க்கு நானே வெத்தல மடிச்சிக் குடுக்கணுமா? பீலி நாறுதுன்னு பாத்தா மேல இருக்கிறவனையா சொல்லுவாங்க? எங்களத்தான் சொல்லுவாங்க. நீங்க அசிங்கம் பண்ணி வச்சிருக்கீங்கன்னு சொல்லுவாங்க. எழுதி வச்சிக்க."

நான் அப்போது அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் பேசக்கூடாது என்ற விதியை மீறி எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். பவுடர், பூ, சுண்ணாம்பு, நான் வாய்மூடி நின்றது, எல்லாம். பின்வரிசையில் ஒருவர், "அப்படியென்றால் நல்லதுதானே, மாதா மாதம் போடச் சொல்லுங்களேன்," என்றார். சிரித்தார்கள். எனக்கு மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் போல் இருந்தது. மூதூர்க்காரர்தான் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, எங்கட பக்கம் ஐயாமார் வந்தா நாங்க ஒண்டையும் கழுவ மாட்டம். கடலோரக் களப்ப எப்பிடிக் கழுவுற? நண்டப் பிடிச்சு அவிச்சு முன்னுக்கு வெப்பம். தின்னுங்க ஐயா எண்டுவம். எல்லாருக்கும் அண்டைக்குப் பார்த்து வயித்துவலி வந்திரும். இவங்க சிரிக்கிறாங்க. அந்தப் பீலித் தண்ணி ஒரு போத்தல் கொண்டுவந்து இந்த மேசையில வைங்க. சிரிக்கிறவர் குடிக்கட்டும்."

நான் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி, சரி, இன்னொரு தரம் எடுக்கலாம் என்றார். அதுவரைக்கும் ஹோட்டலின் கடிதம் நிற்கட்டும் என்றும் சொன்னார்.

"சொல்லாமல் வாருங்கள்," என்றேன்.

"முடியாது மிஸ். தோட்டத்துக்குள் போக ஒரு வாரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு."

ஒழுங்கு! கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். ஆபீஸ் கங்காணிக்குச் சொல்லும், கங்காணி லயத்துக்குச் சொல்வார். லயம் விளக்குமாற்றைத் தூக்கும். நாலு பேரும் சேர்ந்து ஒரு பொய்யை அலங்கரிப்போம், எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

மறுபடியும் அக்காவிடம் போனேன். கழுவாதே என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் சொன்னேன். அவள் கீழ்க்காய்நெல்லியை ஆய்ந்துகொண்டே தலையை ஆட்டினாள், முடியாது முடியாது என்று. வருகிற ஆளுக்கு முன்னால் அந்த நாற்றத்தோடு நிற்க அவளால் முடியாது. கட்டினவன் அடித்த தழும்பைக்கூட ஊருக்குக் காட்டாமல் வாழ்ந்தவள் அவள். பீலியைக் காட்டச் சொன்னால்?

பாயில் கிடந்த மகள்தான் பேசினாள். கண்ணைத் திறக்காமலே.

"அம்மா. என் கண்ண அன்னைக்கு ஆஸ்பத்திரில நோண்டி நோண்டிப் பாத்தாங்களே, நான் மூடிக்கிட்டா இருந்தேன்?"

அக்கா இலையைக் கீழே வைத்தாள்.

"சரி. கழுவல. நாலு நாளைக்கு ஒருத்தியும் பொச்சக் கையில எடுக்க மாட்டா, நான் பாத்துக்கிறேன். ஆனா அந்த ஐயா பீலியோட திரும்பக்கூடாது. மேல ஏறணும். அந்தக் குழிய அவரு கண்ணால பாக்கணும். அதுக்கு நீ பொறுப்பு."

இரண்டாம் தரம் போனபோது கதிரை இல்லை, பிளேன்டீ இல்லை. கற்களில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். குழாயின் வாயில் ஏதோ தாடிபோலத் தொங்கியது. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வராமல் இருந்திருக்கலாம். வந்து, வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு, உடுத்தாமல் தெருவில் நிறுத்தப்பட்டவர்களைப் போல் நின்றார்கள்.

அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். தண்ணீரைப் பிடித்தார். பெட்டியை மூடினார். பிறகு, மிகப் பண்பாக, என்னிடம் சொன்னார்: "போன தரம் எவ்வளவு அழகாக வைத்திருந்தார்கள். பாருங்கள், தொடர்ந்து செய்வதில்லை. சனங்களுக்கு விழிப்புணர்வு போதாது மிஸ். அந்தக் கைகழுவும் துண்டுப்பிரசுரம் இன்னும் இருக்கிறதா?"

அக்காவுக்குச் சிங்களம் தெரியும். சந்தைச் சிங்களம். எல்லாம் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனா இல்லையா என்று இருந்தது. நான் வெடித்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"மாத்தையா, உடட்ட யமு."

மேலே போவோம். அவர் சப்பாத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்றார். அக்கா ஏற ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பெண்கள், தேயிலை மலை ஏறும் கால்கள், திரும்பியே பார்க்காமல். நடுவில் அவரையும் ரெஜிபோம் பெட்டியையும் விட்டுவிட்டு நான் பின்னால் வந்தேன். ஆற்றுத் தண்ணீர் மேலே ஓடுவதில்லை. அன்று அதிகாரி ஓடினார்.

ஊற்றுக்கண்ணைத் தாண்டி முப்பது காலடி வைத்தால் குழி. கொங்கிரீட் மூடி உடைந்து, அதன் வாயிலிருந்து ஒரு கறுத்த கோடு பன்னச் செடிகளுக்குள்ளே நெளிந்து நெளிந்து நேராக ஊற்றுக்கண்ணுக்கு இறங்கியது. வரைபடத்தில் நீலமாக வரைந்திருந்தார்களே, அந்தக் கோட்டின் ஆரம்பம் இதுதான். நிறம் மட்டும் வேறு. தலைக்கு மேலே கண்ணாடிச் சுவருக்குள் கரண்டிகள் பீங்கானில் படும் சத்தம். யாரோ மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் நாங்களும் விழுந்திருப்போம், சின்னச் சின்னதாக, அழகாக, பச்சைக்குள்ளே.

"இதில் பிடியுங்கள்," என்றேன்.

"இது பட்டியலில் இல்லாத இடம் மிஸ்."

நான் அதைப் பெண்களுக்காகத் தமிழில் சொன்னேன். அக்கா கேட்டாள்: "பட்டியல்ல இல்லாட்டி நாத்தமும் இல்லியாமா?"

அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. போனை எடுத்து நாலு படம் பிடித்தார். இறங்கும்போது காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இந்தத் தரம் தாள் உண்மையைச் சொன்னது. தண்ணீரில் மலக்கிருமி. ஹோட்டலின் விண்ணப்பத்துக்கு, "நியாயமான காலத்துக்குள் குறைபாட்டைச் சீர்செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று ஒரு கடிதம். யாருக்கு நியாயமான காலம்? மஞ்சள் கண்ணோடு படுத்திருப்பவளுக்கா, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கா? லயத்துக்கு என்ன வந்தது தெரியுமா? ஒரு தகரப் பலகை. பெண்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, திட்டத்து ஆட்கள் வந்து, பீலிக்கரையில் குழி தோண்டி நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சிவப்பு எழுத்து, மூன்று மொழி. இந்நீர் பருகுவதற்கு உகந்ததல்ல.

அந்தத் தமிழ் என்னுடையது. ஆறு மாதத்துக்கு முன்னால் அறிவித்தல்கள் என்று ஒரு கட்டுத் தாள் அனுப்பியிருந்தார்கள், நான் அறையில் உட்கார்ந்து விசிறியைப் போட்டுக்கொண்டு தமிழாக்கிக் கொடுத்தேன். "குடிக்கக் கூடாது" என்று முதலில் எழுதினேன். கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று மாற்றினேன்.

அக்கா போனில் கேட்டாள்: "ஏன்டி, வேற தண்ணி எங்க இருக்குன்னு அதுல எழுதல?"

அன்றைக்குச் சாயந்தரமே போய் அவளோடு தங்கினேன். விடிந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்னால், பெண்கள் ஒவ்வொருத்தராகப் பீலிக்கு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அக்கா மட்டும் அலவாங்கோடு, இரும்புக் கடப்பாரையோடு, வந்தாள். பலகை நன்றாகத்தான் ஊன்றியிருந்தது. பீலிக்கு இருபது வருடமாக ஒரு மூட்டைச் சீமெந்து கேட்டும் தராதவர்கள் பலகைக்கு மட்டும் குழைத்துப் பூசியிருந்தார்கள். நெம்பி, ஆட்டி, பிடுங்கினோம். ஆறு பேர் தோளில் அது மலை ஏறியது. நானும் தோள் கொடுத்தேன். நான் எழுதிய எதுவும் அத்தனை பாரமாக இருந்ததில்லை.

"மெதுவாடி, கவிதக்காரி வழுக்குறா," என்று பின்னால் ஒருத்தி.

"அவ எழுதுன பாவத்த அவளே செமக்கட்டும்," என்று இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மலை ஏறிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் கோபத்திலும் சிரித்தார்கள்.

ஹோட்டல் வாசலில், பஸ்கள் திரும்பும் இடத்தில், பூச்செடிகளுக்கு நடுவில் நட்டோம். ரோட்டைப் பார்த்தபடி. காவல்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்தார், வாசித்தார், அந்தக் கோப்பையையும் ஒரு தரம் பார்த்தார். முதல் பஸ் வந்தது. வழிகாட்டி இறங்கி பலகையைப் படித்தான். உள்ளே ஏறி ஏதோ சொன்னான். கதவு மூடியது. பஸ் கண்டியைப் பார்த்துப் போய்விட்டது.

மனேஜர் டையைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"அக்காமார், இது உங்க பீலிக்குப் போட்ட போர்ட். இங்க கொண்டுவரக் கூடாது."

அக்கா அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தண்ணி இங்கருந்துதான வருது? போர்டும் இங்கயே இருக்கட்டும்."

இரண்டு நாளில் குழியை உறிஞ்ச பவுசர் லொறி வந்தது. அத்தனை வருடமாக அந்த ரோட்டில் ஏறத் தெரியாத பவுசர்! சரிவுக்கு எதிர்ப்பக்கம் புதிய தாங்கிக்கு மண் தோண்டினார்கள். பிறகு நிறுத்தினார்கள். ஒரு காலையில் பலகை இல்லை. பெண்கள் அதைத் தேடிப்பிடித்து மறுபடி நட்டார்கள். ஹோட்டல்காரர்கள் மறுபடி தோண்டினார்கள். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி பலகை இல்லை. இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. பலகை நிற்கும் நாட்களில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். பலகை விழுந்தால் அதுவும் நின்றுவிடும். தாளும் கடிதமும் செய்யாததை ஒரு தகரம் செய்கிறது. அதை நினைத்தால் சந்தோசப்படுவதா, மண்டையை உடைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. திட்டத்துக்கு நான் இப்போது மொழிபெயர்ப்பதில்லை. அவர்கள் கூப்பிடுவதும் இல்லை.

போன ஞாயிறு போயிருந்தேன். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கொதிக்க வைத்த தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகிறாள். விறகு வெட்டுவதே லயத்துக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. பீலி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

திரும்பும்போது அக்கா ரோடு வரைக்கும் வந்தாள். ஹோட்டல் வாசலில் பலகை லேசாகச் சாய்ந்திருந்தது. அக்கா போய்க் காலால் மண்ணை மிதித்து நிமிர்த்திவிட்டு வந்தாள். கண்டி பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

"அக்கா, மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதட்டுமா?"

"எழுதுனது போதும். அடுத்த தடவ வரும்போது அஞ்சு கிலோ சீமெந்து வாங்கிட்டு வா."